அப்பா ரெண்டு தடவை சாப்பிட்ட சனிக்கிழமை

எங்க குடும்பத்துல மூணு வருஷமா இருந்த ஒரு மனஸ்தாபத்தைத் தீத்து வைக்கறேன்னு கெளம்பிப் போயி, வழியில ஒரு ஓட்டல்ல நாலு சாப்பாடு வாங்கிக் குடுத்து, அதை ஆயுசுக்கும் நெலைக்க வைக்கப் பாத்த முட்டாள் நான். சாப்பாடு வாங்கிக் குடுத்து ஒருத்தன் குடும்பத்தைக் கெடுக்க முடியுமான்னு நீங்க கேக்கலாம். என்னால முடியும். வெறும் ரெண்டு மணி நேரத்துல முடிச்சிருப்பேன், எங்கப்பா மட்டும் குறுக்க வராம இருந்திருந்தா.

இதை எழுதிக்கினு இருக்கும்போது என் வீட்டுக்காரி எட்டிப் பாத்தா. "அந்த செங்கல்பட்டு கதையா? உன்ன புத்திசாலி மாதிரி எழுதிக்காத"ன்னு சொல்லிட்டு காய் நறுக்கப் போயிட்டா. அதனால உள்ளதை உள்ளபடியே எழுதறேன்.

எண்பத்தி ஆறோ ஏழோ இருக்கும். நான் திண்டிவனத்துல ஒரு மல்லாட்டை மண்டியில, அதான் வேர்க்கடலை மண்டியில, வேலை பாத்துக்கினு இருந்தேன். மூட்டை வந்தா எடை போட்டு எழுதறது, மூட்டை வராத மாசத்துல ஈ ஓட்டறது, இதான் என் உத்தியோகம். வீடு கிளியனூர் பக்கம். அப்பா, அம்மா, நான், என் வீட்டுக்காரி. இருக்கற நெலத்துல அப்பாவே எறங்கி வேலை செய்வாரு. என்னை எறங்க விட மாட்டாரு. நான் எறங்குனா பயிரு பயந்துக்கும்னு சொல்லுவாரு.

எனக்கு ஒரே தங்கச்சி. அவளைப் பல்லாவரத்துல குடுத்திருந்தோம். மாப்பிள்ளைக்கு அந்தப் பக்கம் ஒரு பேக்டரியில லேத்து வேலை. நல்ல புள்ளை. சண்டை அவரால வரல. வந்தது ஒரு எலையால.

கல்யாணம் முடிஞ்சி மறுவீட்டு விருந்துக்குப் போயிருந்தோம். பந்தி போட்டாங்க. அப்பா போய் ஒரு எலை முன்னாடி உக்காந்தாரு. எலையில தண்ணி தெளிச்சாச்சி, உப்பு வச்சாச்சி. அப்போ மாப்பிள்ளையோட பெரியப்பா வந்து அப்பா தோளைத் தொட்டு, "பெரியவரே, கொஞ்சம் எழுந்துக்கறீங்களா? கம்பெனி ஆபீசருங்க வந்துட்டாங்க. நீங்க அடுத்த பந்தியில உக்காந்துக்கலாம்"னாரு. அவரு வேணும்னு செய்யல. வேட்டியைப் பாத்தாரு, கையில காப்பு காய்ச்சிருந்ததைப் பாத்தாரு, யாரோ ஊர்லருந்து கூட வந்த ஆளுன்னு நெனச்சிட்டாரு. கல்யாணத்துக்கு வராதவரு, பொண்ணுக்கு அப்பான்னு தெரியல.

எங்கப்பா எழுந்தாரு. நேரா கொழாயாண்ட போயி, ஒரு பருக்கை கூட படாத அந்தக் கையை நல்லா கழுவினாரு. துண்டுல தொடைச்சாரு. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துட்டாரு. நான் அப்போ எங்க இருந்தேன்னு கேக்காதீங்க. அதே பந்தியில கடைசியில உக்காந்து ரெண்டாவது வடை கேட்டுக்கினு இருந்தேன். என்னை யாரும் எழுந்திருக்கச் சொல்லல.

எங்க பக்கம் ஒருத்தர் வீட்ல கை நனைக்கறதுன்னா அது சும்மா சாப்பிடறது இல்ல. உனக்கும் எனக்கும் ஒறவு இருக்குன்னு கையெழுத்து போடற மாதிரி. மனஸ்தாபம் இருக்கற வீட்டுக்குப் போவோம், வருவோம், தண்ணி கூட குடிப்போம், ஆனா எலையில உக்கார மாட்டோம். அப்பா அதுக்கப்புறம் பல்லாவரம் போகவே இல்ல. தங்கச்சி ஊருக்கு வந்தா கொஞ்சுவாரு. பிரசவத்துக்கு வந்தப்போ பேரனைத் தோள்ல போட்டுக்கினு வரப்பு வரப்பா சுத்துனாரு. மாப்பிள்ளை ரெண்டு தடவை வந்து மன்னிப்பு கேட்டாரு. ரெண்டு தடவையும் அவருக்குக் கோழி அடிச்சிப் போட்டாரு. "உங்க மேல எனக்கு ஒன்னும் இல்ல மாப்ள"ன்னாரு. ஆனா அந்த வீட்டுக்கு மட்டும் போகல. அம்மா போயிட்டு வந்து கதை சொன்னா, கேக்காத மாதிரி உக்காந்து முழுசா கேப்பாரு.

இப்படி மூணு வருஷம் ஓடுச்சி. அப்புறம் மண்டி விலாசத்துக்கு தங்கச்சி எனக்கு ஒரு இன்லேண்டு லெட்டர் போட்டிருந்தா. பெரிய குடும்பத்துலருந்து பிரிஞ்சி தனியா ஒரு போர்ஷன்ல குடித்தனம் வந்துட்டாங்களாம். "அண்ணா, இது புது வீடு. இங்க யாரும் அப்பாவை எழுந்திருன்னு சொல்ல மாட்டாங்க. எப்படியாவது அழைச்சிக்கினு வா. அவரு ஒரு வேளை இங்க கை நனைச்சாருன்னா எனக்கு வேற எதுவும் வேணாம்"னு எழுதியிருந்தா. கடைசியில எழுத எடம் பத்தாம, ஓரத்துல சின்னதா, "நான் கூப்பிட்டேன்னு சொல்லாத"ன்னு.

அன்னிக்கு சாயந்தரம் வீட்ல, பொதுவா சொல்ற மாதிரி, "தங்கச்சி தனிக்குடித்தனம் வந்துடுச்சாம்பா"ன்னேன். அப்பா மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கினு இருந்தாரு. மாடு குடிச்சி முடிச்சுது. அப்புறம், "அப்போ அது அந்த வீடு இல்ல"ன்னாரு.

"ஆமாப்பா. வேற வீடு."

"சனிக்கிழமை போலாம்."

அவ்ளோதான். மூணு வருஷ வைராக்கியத்துக்கு அவரே ஒரு சந்து கண்டுபிடிச்சி அதுல நொழைஞ்சி வெளிய வந்துட்டாரு. நான் அதைப் புரிஞ்சிக்கினு வாயை மூடிக்கினு கூட போயிருக்கணும். ஆனா நான் யோசிச்சேன். என் தலையெழுத்து அது.

மாசி மாசம். மண்டியில சரக்கு இல்ல. மொதலாளிகிட்ட கேட்டதுல அவரோட பழைய அம்பாசடரையும் டிரைவரையும் குடுத்தாரு. அந்த வண்டியில பின்னாடி எடது பக்கத்துக் கதவு வெளியிலருந்து மட்டும்தான் தொறக்கும். டிரைவர் என் வயசுக்காரன். பேச ஆரம்பிச்சா பிரேக் புடிக்க மறந்துடுவான்.

சனிக்கிழமை காலையில எட்டரை மணிக்கு வண்டி வந்து நின்னுச்சி. அம்மா மாட்டை விட்டுட்டு வர முடியாதுன்னு நின்னுட்டாங்க. வறுத்த மல்லாட்டை ஒரு பை, முறுக்கு ஒரு டின்னு, கேப்பை மாவு ஒரு தூக்கு எல்லாத்தையும் டிக்கியில ஏத்துனாங்க. அப்பா புது வேட்டி கட்டிக்கினு, சட்டை போட்டுக்கினு வந்தாரு. சட்டை போட்டா அவரு யாரோ சொந்தக்காரர் மாதிரி இருப்பாரு.

அம்மா என்னைத் தனியா இழுத்துக்கினு போயி, "அப்பா காலையில கூழு கூட வேணாம்னுட்டாரு. நீ வழியில கண்டதையும் வாங்கிக் குடுத்துக் கெடுக்காத"ன்னாங்க.

ஒரு கொழந்தைக்குக் கூட புரியும். மனுஷன் பொண்ணு வீட்ல சாப்பிடறதுக்காக வயித்தைக் காலியா வச்சிக்கினு கெளம்பறாரு. எனக்கு என்னா புரிஞ்சுது? அப்பாவுக்கு வயிறு சரியில்ல, ரோட்டுக்கடையில ஒன்னும் வாங்கித் தரக்கூடாது, சுத்தமான பெரிய ஓட்டலா பாத்துப் போகணும்.

வண்டி திண்டிவனம் தாண்டி ஒலக்கூர், அச்சரப்பாக்கம்னு போச்சி. அப்பா முன் சீட்டு. நானும் என் வீட்டுக்காரியும் பின்னாடி. ரெண்டு பக்கமும் பாத்துக்கினே வந்தாரு. "இங்க மல்லாட்டை பூ வச்சிருக்கு." "இவன் களை எடுக்கல." "இந்தக் கெணத்துல தண்ணி இருக்கு பாரு, கரன்ட் இல்ல போலருக்கு." மதுராந்தகம் ஏரியாண்ட வண்டி சூடாகி நின்னுடுச்சி. டிரைவர் எறங்கி ஏரித் தண்ணி மொண்டு ஊத்துனான். அப்பா கரையில நின்னுக்கினு, "எத்தினி மணிக்குப் போய்ச் சேருவோம் தம்பி?"ன்னு கேட்டாரு.

"ஒரு மணிக்குள்ள தட்டிடலாம் பெரியவரே."

"சாப்பாட்டு நேரத்துக்குப் போயிடலாம்"னாரு.

அப்போவும் எனக்குப் புரியல. எனக்கு வேற கணக்கு ஓடிக்கினு இருந்துச்சி. இங்கதான் நான் யோசிச்சது. அப்பா போறதுக்கு ஒத்துக்கினாரு, சரி. சாப்பிடறதுக்கு ஒத்துக்கினாரா? அதை வாய் தொறந்து சொல்லலையே. அங்க போயி தங்கச்சி எலை போட்டு, இவரு உக்கார மாட்டேன்னு சொல்லிட்டா? அவ அழுவா. மாப்பிள்ளை மூஞ்சி தொங்கிடும். அதனால சாப்பாட்டுப் பேச்சே எழும்பாம பண்ணிட்டா? வழியிலேயே எல்லாருக்கும் வயிறு முட்டப் போட்டுட்டா? அங்க போயி ஆளுக்கு ஒரு காபி. சண்டையும் இல்ல, அழுகையும் இல்ல. வர்ற வழியில இந்த யோசனை வந்ததும் எனக்கே என்னைக் கட்டிப்புடிச்சிக்கணும் போல இருந்துச்சி. இதுல எனக்கும் செம பசி. அதையும் சொல்லிடறேன், வீட்டுக்காரி படிப்பா.

செங்கல்பட்டு வந்ததும் வண்டியை ஒரு பெரிய ஓட்டலாண்ட நிறுத்தச் சொன்னேன். மணி பன்னெண்டு கூட ஆகல.

"எதுக்குடா?"ன்னாரு அப்பா.

"சாப்ட்டுட்டுப் போயிடலாம்பா."

"அங்க..."

"அங்க ஒன்னும் செய்ய வேணாம்னு எழுதிட்டேன்பா. அவ ஒண்டி ஆளு, கைப்புள்ளையை வச்சிக்கினு எத்தினி பேருக்குச் செய்வா? காபி மட்டும் குடிச்சிட்டு வந்துடலாம்."

நான் அப்படி ஒன்னும் எழுதல. "வர்றோம்"னு ஒரு வார்த்தைதான் கார்டுல எழுதிப் போட்டிருந்தேன். அப்பா என்னைக் கொஞ்ச நேரம் பாத்தாரு. அந்தப் பார்வையில ஏமாத்தம் இருந்துச்சின்னு இப்போ தெரியுது. அப்போ வயிறு வலிக்குதோன்னு நெனச்சேன். "அவளே வேணாம்னுட்டாளா?"ன்னு மட்டும் கேட்டாரு. நான் தலையை ஆட்டுனேன். எறங்குனாரு.

என் வீட்டுக்காரி என் முழங்கையைக் கிள்ளி, "இன்னா வேலை செய்யற நீ? அது சமைச்சி வச்சிக்கினு வாசலைப் பாத்துக்கினு இருக்கும்"னா.

"சமைச்சிருந்தா ராத்திரிக்கு வச்சிக்குவா"ன்னேன். எப்படி பதிலு!

காலையிலருந்து பட்டினி கெடந்த மனுஷன் இல்லையா, அப்பா நல்லா சாப்பிட்டாரு. சாம்பாரு, வத்தக்கொழம்பு, ரசம், மோரு. அவரு வாழ்நாள்ல ஓட்டல்ல எலை போட்டுச் சாப்பிட்டது அதுதான் மொத தடவையா இருக்கும். கேக்கக் கேக்கச் சோறு போட்டாங்க. நான் வேற பக்கத்துல உக்காந்து, "அப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் போடுங்க, பாயசம் ஊத்துங்க"ன்னு உபசாரம் பண்ணேன். என் கையாலயே. வெளிய வந்து மடியிலருந்து வெத்தலை எடுத்துப் போட்டுக்கினாரு. சாப்பாட்டுக்கு மேல வெத்தலை, அது அவரு வழக்கம். டிரைவர் ஏப்பம் விட்டதுல வண்டியே ஸ்டார்ட் ஆயிடும் போல இருந்துச்சி.

பல்லாவரத்துல அந்த வீட்டைக் கண்டுபிடிக்கறதுக்கு ஒன்னேகால் ஆயிடுச்சி. ஒரு சந்துக்குள்ள வரிசையா நாலு போர்ஷன். அதுல மூணாவது. தங்கச்சி வாசல்லயே நின்னுக்கினு இருந்தா. இடுப்புல புள்ளை. பட்டுப்பொடவை. அந்த வெயில்ல, அந்த சின்ன வீட்ல, பட்டுப்பொடவை. அப்பா எறங்குனதும் "வாங்கப்பா"ன்னு ஒரு வார்த்தை. மாப்பிள்ளை லீவு போட்டுட்டு இருந்தாரு. கால் கழுவ சொம்புல தண்ணி குடுத்தாரு.

உள்ள போனோம். ஒரே ரூமு, பின்னாடி தம்மாத்துண்டு சமையக்கட்டு. கோழிக்கொழம்பு வாசனை ஆளைத் தூக்குது. தரையில நாலு எலை போட்டிருந்துச்சி. அதுல மொத எலைக்கு முன்னாடி உக்கார்றதுக்கு ஒரு மணை. புது மணை. அதைச் சுத்தி கோலம் போட்டிருந்தா. எலையோட ஓரத்துல உப்பு வச்சி, தண்ணி தெளிச்சி எல்லாம் தயாரா இருந்துச்சி. மறுவீட்டுல எந்த நெலையில அப்பா எழுந்தாரோ, அதே நெலையில ஒரு எலை.

அதைப் பாத்தும் என் வாய் சும்மா இருந்துச்சா? இல்ல. என் யோசனை நல்லா நடந்துக்கினு இருக்குங்கற சந்தோஷத்துல, "ஐய, இதெல்லாம் எதுக்கும்மா? நாங்க செங்கல்பட்டுலயே நல்லா சாப்ட்டுட்டு வந்துட்டோம். ஒரு காபி போடு, போதும்"னேன்.

அந்த நேரம் பாத்து தலைக்கு மேல ஒரு ஏரோப்ளேன் போச்சி. மீனம்பாக்கம் பக்கத்துலயே இருக்கறதால அங்க ப்ளேன் போனா எதுவும் பேச முடியாது. ஓடு எல்லாம் அதிரும். பேசிக்கினு இருக்கறவங்க அப்படியே நிறுத்திட்டு, அது போனதும் விட்ட எடத்துலருந்து பேசுவாங்க. நாங்க அஞ்சு பேரும் பொம்மை மாதிரி நின்னோம். அந்த சத்தம் முடியற வரைக்கும் என் தங்கச்சி மூஞ்சியைப் பாத்துக்கினு நிக்கறதைத் தவிர எனக்கு வேற வழி இல்ல. அவ அழல. முந்தானையில கையைத் தொடைச்சா. காஞ்ச கைதான். அதைத் திரும்பத் திரும்பத் தொடைச்சா. அப்பா கை நனைக்கக் கூடாதுன்னே முன்கூட்டி சாப்பிட்டு வந்திருக்காருன்னு அவ முடிவு பண்ணிட்டான்னு எனக்கே, எனக்கே அப்போ புரிஞ்சிடுச்சி.

ப்ளேன் போயிடுச்சி. "அப்படியா"ன்னா. அவ்ளோ சின்ன கொரல்ல அவ பேசி நான் கேட்டதில்ல.

மாப்பிள்ளை குனிஞ்சாரு. மணைக்கு முன்னாடி இருந்த எலையை எடுத்துடலாம்னு கை வச்சாரு.

"அந்த எலையை எதுக்கு எடுக்கறீங்க மாப்ள?"ன்னு ஒரு கொரல் வந்துச்சி. அப்பாதான்.

மாப்பிள்ளை நிமிந்தாரு.

"அது என் எலைதானே? வையுங்க"ன்னாரு. "இவன் சாப்பிட்டான். இவனுக்குப் பசி தாங்காது, உங்களுக்கே தெரியும். நாங்க வண்டியில உக்காந்துக்கினு இருந்தோம். நான் காலையிலருந்து பச்சத் தண்ணி கூட குடிக்கல."

எங்கப்பா பொய் சொல்லி நான் கேட்டதே கெடையாது. சந்தையில மாடு விக்கப் போனா, மாட்டுக்கு இருக்கற கொறையை வாங்கறவன் கேக்கறதுக்கு முன்னாடி சொல்ற ஆளு. ஒரே மூச்சில ரெண்டு பொய். மூஞ்சியில ஒரு அசைவு இல்ல. பச்சத் தண்ணின்னு சொல்லும்போது தொண்டையில ஏப்பம் வந்து நின்னது எனக்குத் தெரிஞ்சுது. அதையும் முழுங்கிட்டாரு.

தங்கச்சி என் பக்கம் திரும்புனா. "ஏண்ணா, வயசான மனுஷனை வண்டியில உக்கார வச்சிட்டு நீ மட்டும் போயி சாப்பிட்டியா? உனக்கு வெக்கமா இல்ல?"

"இல்லம்மா, அது வந்து..."ன்னு ஆரம்பிச்சேன். என் வீட்டுக்காரி முந்திக்கினா. "எங்களை ஒரு டீ குடிக்கறீங்களான்னு கூட கேக்கலம்மா உங்கண்ணன். எனக்குத் தலை சுத்துது, எலையைப் போடு"ன்னா. சொல்லிட்டு, "மாமா, வாங்க, வாய் கொப்புளிச்சிட்டு உக்காரலாம்"னு அப்பாவைப் பின்பக்கம் அழைச்சிக்கினு போனா. வெத்தலை ஞாபகம் அவளுக்கு வந்துடுச்சி. எனக்கு வரல.

டிரைவர் வாசல்ல நின்னுக்கினு இருந்தான். அப்பா, "தம்பி, நீயும் வா, உக்காரு"ன்னாரு.

"அய்யோ பெரியவரே, எனக்கு இப்போதான்..."

அப்பா அவனைப் பாத்தாரு.

"...இப்போதான் பசி கண்ணைக் கட்டுது"ன்னு முடிச்சிட்டு வந்து உக்காந்தான். அன்னிக்கு அவனை மெச்சிக்கினேன். அந்த வேகத்துல அவன் பிரேக் புடிச்சி நான் பாத்ததே இல்ல.

மூணு பேரு உக்காந்தாங்க. நாலாவது எலை எனக்குன்னு போட்டது. அதை மாப்பிள்ளை சுருட்டி எடுத்து வச்சிட்டாரு. "மச்சான்தான் சாப்பிட்டாரே"ன்னாரு. என் கையில சாப்பாட்டுக் கரண்டியைக் குடுத்து, "பரிமாறு"ன்னா தங்கச்சி.

மொதல்ல வந்தது கேப்பைக் களி. அப்பாவுக்குப் புடிக்கும்னு கிண்டியிருந்தா. அரிசிச் சோறாவது எங்கயாவது எடம் பாத்து எறங்கும். களி அப்படி இல்ல. போன எடத்துல உக்காந்துக்கும். தேங்காய் அளவுக்கு ரெண்டு உருண்டை வச்சா. நடுவுல கோழிக்கொழம்புக்குக் குழி பண்ணா. அப்பா கண்ணால எனக்கு ஜாடை காட்டுனாரு, கம்மியா வையிடான்னு. நான் கரண்டியை மெதுவா கொண்டு போனா, அவ அதைப் புடுங்கி, "பட்டினியா வந்திருக்காரு, இன்னா கிள்ளிக் கிள்ளி வைக்கற?"ன்னு ரெண்டு கரண்டியா ஊத்துனா.

அவரு சாப்பிட்டதை நான் நின்னு பாத்தேன். எத்தினியோ பேரு சாப்பிட்டு நான் பாத்திருக்கேன், நானே நல்லா சாப்பிடற ஆளு. இப்படி ஒன்னு பாத்தது இல்ல. அவசரப்படல, தயங்கல. ஒரு ஏக்கரா நெலத்துல ஒத்தை ஆளா களை எடுக்கற மாதிரி ஒரு ஓரத்துலருந்து ஆரம்பிச்சி ஒழுங்கா வந்துக்கினே இருந்தாரு. களி முடிஞ்சுது. சோறு வந்துச்சி. முட்டை வந்துச்சி. வடை வந்துச்சி. நெத்தியில வேர்வை ஓடுது. "காரமாப்பா?"ன்னு கேட்டா. "நல்லா இருக்கு, உங்கம்மா கை"ன்னாரு. பேச்சோட பேச்சா எடது கையால வேட்டி முடிச்சை லேசா தளத்திக்கினாரு. என் வீட்டுக்காரி செவுத்தைப் புடிச்சிக்கினு சாப்பிட்டுக்கினு இருந்தா. டிரைவர் கண்ணை மூடிக்கினு மென்னுக்கினு இருந்தான், சாமி கும்பிடற மாதிரி.

மாப்பிள்ளை ரசத்தைக் கொண்டாந்து அப்பாகிட்ட குனிஞ்சி, "மெதுவா சாப்பிடுங்க மாமா. இங்க யாரும் உங்களை எழுந்திருக்கச் சொல்ல மாட்டாங்க"ன்னாரு. மூணு வருஷமா சொல்லணும்னு வச்சிருந்தாரு போல.

அப்பா நிமிந்து பாத்தாரு. "எழுந்திருக்கச் சொன்னாலும் இப்போ என்னால முடியாது மாப்ள"ன்னாரு.

தங்கச்சி சிரிச்சா. மாப்பிள்ளை சிரிச்சாரு. டிரைவருக்குப் பொரை ஏறிடுச்சி.

பாயசம் முடிஞ்சுது. மோரு முடிஞ்சுது. தங்கச்சி அப்பா கையையே பாத்துக்கினு இருந்தா, எலையை எப்படி மடிக்கப் போறாருன்னு. ஒறவு வேணும்னா எலையைத் தன் பக்கமா மடிக்கணும். அப்பா ரெண்டு கையாலயும் எலையைப் புடிச்சி, தன் பக்கமா மடிச்சி, ஒரு தடவை மேல தட்டிக் குடுத்தாரு. மாட்டைத் தட்டிக் குடுக்கற மாதிரி. அவ டக்குனு சமையக்கட்டுக்குள்ள போயிட்டா. ரொம்ப நேரம் வரல.

கையை ஊனி எழுந்திருக்கப் பாத்தாரு, முடியல. மாப்பிள்ளை ஒரு கை, நான் ஒரு கை. கொழாயாண்ட கூட்டிக்கினு போயி நிறுத்துனோம். இந்த தடவை அவரு கழுவறதுக்குக் கையில நெறைய இருந்துச்சி.

சாயந்தரம் திரும்பறதாதான் பேச்சு. அப்பா பாயில படுத்தவரு, "இங்க காத்து நல்லா வருது. நாளைக்குப் போலாம்"னாரு. அந்த ரூம்ல ஒரே ஒரு ஜன்னல், அதுவும் பக்கத்துப் போர்ஷன் செவுத்தைப் பாத்து. தங்கச்சிக்குத் தலைகால் புரியல. அப்பா தங்கறாரு! மாப்பிள்ளை ஓடிப் போயி கோலி சோடா வாங்கிக்கினு வந்தாரு. அப்பா ஒன்னு குடிச்சிட்டு இன்னொன்னு கேட்டாரு. பேரன் அவரு வயித்து மேல ஏறி உக்காந்தான். கண்ணுல தண்ணி வந்துடுச்சி மனுஷனுக்கு. பேரன் பாசம்னு எல்லாரும் நெனச்சாங்க.

மறுநாள் காலையில இட்லி வேற. அதுலயும் நாலு சாப்பிட்டாரு. அப்புறம் மாப்பிள்ளை எங்களைப் பக்கத்துல ஒரு சின்ன மலை மேல அழைச்சிக்கினு போனாரு, ப்ளேன் எறங்கறதைப் பாக்க. பேரனைத் தோள்ல வச்சிக்கினு அப்பா ஒவ்வொரு ப்ளேனையும் கவனமா பாத்தாரு. "இத்தினி பெரிய வயித்தை வச்சிக்கினு எப்படிதான் மேல ஏறுதோ"ன்னாரு. என் வீட்டுக்காரி அந்தப் பக்கம் திரும்பிக்கினு சிரிச்சா.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் கெளம்புனோம். செங்கல்பட்டு வரும்போது டிரைவர், "பெரியவரே, ஒரு டீ...?"ன்னு இழுத்தான். "வண்டியை நிறுத்துன, ஒதைப்பேன்"னாரு அப்பா. அந்த ஓட்டல் பக்கம் திரும்பவே இல்ல. என்கிட்ட ஊரு போய்ச் சேர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. வீட்டுக்குள்ள நொழைஞ்சதும் அம்மா, "கை நனைச்சீங்களா?"ன்னு கேட்டாங்க. "நனைச்சேன்"னாரு. "நல்லா சாப்பிட்டீங்களா?" "நாலு நாளைக்கு எனக்கு ஒலை வைக்காத"ன்னுட்டு படுக்கப் போயிட்டாரு.

ஓட்டல்ல சாப்பிட்டதைப் பத்தி அப்பா அதுக்கப்புறம் யார்கிட்டயும் வாய் தொறக்கல. என்னைத் திட்டவும் இல்ல. திட்டியிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பஸ் ஏறி தானா பல்லாவரம் போயிட்டு வருவாரு. அந்த மணையில உக்காந்து சாப்பிட்டுட்டு வருவாரு. என் தங்கச்சி மட்டும் பாக்கறவங்க எல்லார்கிட்டயும், அப்பாவைப் பட்டினி போட்டுட்டுத் தான் மட்டும் தின்ன அண்ணன்னு என்னைப் பத்தி சொல்லிக்கினு இருந்தா. ஒரு வருஷம் தாங்குனேன். அதுக்கு மேல முடியல.

அடுத்த வருஷம் ஒரு வேலையா அந்தப் பக்கம் போனவன் அவ வீட்ல எறங்குனேன். சாப்பிட்டு முடிச்சிட்டு, மனசை கல்லாக்கிக்கினு எல்லாத்தையும் சொல்லிட்டேன். நாலு பேருமே செங்கல்பட்டுல சாப்பிட்டோம், அப்பா ரெண்டு தடவை சாப்பிட்டாரு, உன் மூஞ்சிக்காக சொன்ன பொய்யி அது, நான் ஒன்னும் அவ்ளோ மோசம் இல்லன்னு.

அவ பாத்திரம் தேய்ச்சிக்கினு இருந்தா. நிமிரக்கூட இல்ல.

"தெரியும்"னா.

"எப்படித் தெரியும்?"

"வண்டியிலருந்து எறங்கும்போதே அப்பா வாய் செவப்பா இருந்துச்சி. சாப்பிடாம வெத்தலை போடற ஆளா அவரு? நான் அவரு பொண்ணுண்ணா." ஒரு குண்டானைக் கவுத்து வச்சா. "நீ சாப்ட்டு வந்துட்டோம்னு சொன்னப்போ செத்துட்டேன். அவரு சாப்பிடலன்னு பொய் சொன்னாரு பாரு, அப்போதான் எனக்கு உசுரு வந்துச்சி. அதுக்கு மேல அவரு ஒரு வாய் கூட சாப்பிடலன்னாலும் எனக்குப் போதும்."

"அப்புறம் ஏண்டி ரெண்டு உருண்டை களியை வச்ச?"

"அவரு சாப்பிட்டாரே, நான் இன்னா பண்றது? நிறுத்துனா தெரிஞ்சிடுச்சின்னு அவருக்குத் தெரிஞ்சிடும். ஆசையா பொய் சொல்லிட்டு உக்காந்திருக்காரு."

"அப்போ ஊரெல்லாம் என்னைத் தின்னிப்பண்டாரம்னு சொல்லிக்கினு இருந்தியே, அது?"

கையை ஒதறிட்டு, அப்போதான் திரும்பி என்னைப் பாத்தா.

"அது நீ யோசிச்சதுக்கு. அண்ணா, உனக்கு நல்ல மனசு, இல்லன்னு சொல்லல. ஆனா எங்க நல்லதுக்குன்னு எதையும் யோசிக்காத. நீ யோசிச்சா, அதுக்கு வேற யாராவது ரெண்டு தடவை சாப்பிட வேண்டியிருக்கு."